தம்பி தரும் தொகை

ஊரார் வீட்டு வருமானத்தைத் துருவிப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். நலத்துறை அலுவலகத்தில் உதவித்தொகை கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் எத்தனை தலை, யார் யார் சம்பாதிக்கிறார்கள், வெளியிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறார்களா என்று பதினாறு வருடமாகக் கேட்டு வருகிறார். எந்தப் பொய்யும் அவரிடம் சிக்கிவிடும் என்பதால் வரிசையில் நிற்பவர்கள் வைத்த பெயர் 'சல்லடை'.

சல்லடைக்கு ஓர் அக்கா உண்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. கட்டட வேலைக்குப் போன அத்தான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, அவள் ஒருத்தி சம்பளத்தில் நான்கு வயிறு. தம்பி அந்த வீட்டுப் படியேறி ஒன்றரை வருடம் ஆயிற்று. போனால் கையை விரிக்க முடியாதே என்ற பயம். வெளியே சொல்வது, 'நேரமில்லை'.

அக்கா உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. அது பக்கத்து மேசை மேடத்திடம் போனது. ஒரு டீ வேளையில் மேடம் படிவத்தோடு அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா மனு தள்ளுபடி ஆகுது சார். வருமானம் வரம்பைக் கொஞ்சூண்டு தாண்டிடுச்சு. அதுவும் உங்களாலதான்."

"என்னாலயா?"

"மாசாமாசம் நீங்க குடுக்கற பணத்தை மறைக்காம எழுதியிருக்காங்களே! இந்தக் காலத்துல கூடப்பிறந்தவங்களுக்கு யாரு சார் இப்படிச் செய்யறா? எங்க வீட்லயும் ஒரு தம்பி இருக்கான், தண்டச்சோறு."

அறையே திரும்பிப் பார்த்தது. 'உறவினர் தரும் உதவி' என்ற கட்டத்தில் அக்காவின் கோணல் எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் 'தம்பி' என்று இருந்தது. அவர் ஒரு காசு கொடுத்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று வந்து விழுந்தது. சொன்ன பிறகு காது மடல் சுட்டது.

அன்று மாலை நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

"ஏன்க்கா அப்படி எழுதின?"

அக்கா வேலை உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. "அது உன் ஆபீஸ்டா. வெறும் கட்டமா விட்டா உன்கூட வேலை பாக்கறவங்க படிப்பாங்க. அக்கா இப்படிக் கெடக்கறா, தம்பி எட்டிப் பாக்கலைன்னு உன்னை நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாதுல்ல?"

"அதனாலதான் உனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு."

"வரம்பு எங்க இருக்குன்னு நீங்க வெளியில எழுதியா ஒட்டியிருக்கீங்க?"

கட்டிலில் கிடந்த அத்தான், "நான் அப்பவே உங்க அக்காகிட்ட சொன்னேன் மச்சான், தொகையைக் கொறைச்சுப் போடு, உன் தம்பியை ஒரேயடியா வள்ளலாக்காதேன்னு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். தம்பி அவசரமாகப் பர்ஸை எடுத்தார்.

"உள்ள வைடா. இப்பக் குடுத்துக் கெடுத்துடாதே, அதையும் எழுதச் சொல்வீங்க."

அக்காவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மறுநாள் காலை அலுவலகத்தில் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். முதலில் 'தற்போது உதவ இயலவில்லை' என்று எழுதினார். கிழித்தார். அடுத்தது 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கியது. பிறர் தாள்களில் இதே வார்த்தைகளுக்கு அவரே சிவப்புக் கோடு போட்டவர். அதையும் கிழித்தார். கடைசியில், 'என் அக்காவுக்கு நான் இதுவரை எந்தப் பண உதவியும் செய்ததில்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினார்.

மேடம் இரண்டு முறை படித்தார். "நேத்து, ஏதோ நம்மால முடிஞ்சதுன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"அப்போ அவங்க எழுதினதும் பொய். பொய்த் தகவல்னு நோட்டீஸ் போகணுமே."

"என் மானத்துக்காக எழுதினாங்க மேடம். போகணும்னா எனக்குப் போகட்டும்."

மேடம் நோட்டீஸ் படிவத்தை எடுக்கவில்லை. தாளைக் கோப்பில் சேர்த்து, 'திருத்தத்துக்கு அழைக்கவும்' என்று ஓரத்தில் எழுதினார். அன்றைக்குச் சல்லடையோடு யாரும் டீ குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து, தொகையை அடித்துக் கையெழுத்திட்டாள். அடுத்த மாதத்திலிருந்து உதவி கிடைக்கும் என்றார் மேடம். அக்காவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வாசலில் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? எல்லாரும் உன்னை எப்படிப் பாக்கறாங்க பாரு!"

"பாக்கட்டும்க்கா."

பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தார். பஸ் தெரிந்த பிறகுதான், "ஞாயித்துக்கிழமை அத்தானை இடுப்புப் பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல்ல வா. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.