சிறப்பு விருந்தினர் லிங்கசாமி

திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நஞ்சப்பனின் மகன் தரணீதரன் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைக்குள் போய் விழுந்ததற்கு ஒரு அமெரிக்கர்தான் காரணம். துணியின் தரம் பார்க்க வந்திருந்த அவரைக் காரில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகும்போது, அந்த மனிதர் தன் செல்போனிலிருந்து பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒருத்தி வயிற்றிலிருந்து குரலெடுத்துப் பாடினாள். பின்னாலிருந்து நாலு பேர் அவளுக்குப் பதில் சொன்னார்கள். அமெரிக்கரை இறக்கிவிட்ட பிறகும் தரணீதரன் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தான்.

கம்பெனியில் துணி ரோல்களை அடுக்கும் அறை அவனுக்கு ஸ்டுடியோவானது. கூரை வரை பின்னல் துணி இருந்ததால் அங்கே எந்தச் சத்தமும் எதிரொலிக்காது. லேபிள் அச்சடிக்கும் தொழிலில் இருந்த அவன் நண்பன் கலீல் பேஸ் கிட்டார் வாசித்தான், பதிவையும் பார்த்துக்கொண்டான். முதல் ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் தரணீதரனே பாடினான். இசை அருமை, பாடியவரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். கலீலும் அதையேதான் நினைத்திருந்தான், சொல்லாமல் இருந்தான்.

ஆகவே இரண்டாவது ஆல்பத்துக்கு விருந்தினர் பாடகர்கள் என்று முடிவானது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் கலீலின் தங்கை ஷைமாவும், அவிநாசியில் பல் டாக்டராக இருக்கும் ஜனனியும் பாட ஒப்புக்கொண்டார்கள். தரணீதரன் ஒரு போஸ்டர் செய்து வாட்ஸப்பில் விட்டான். 'சிறப்பு விருந்தினர்கள்: ஷைமா, ஜனனி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் காலை சேவூரிலிருந்து அவன் தாய்மாமன் லிங்கசாமி போன் செய்தார். தரணீதரனிடம் பேசவில்லை, அவன் அம்மா தெய்வாத்தாளிடம் பேசினார். உங்க ஊட்டு விசேஷத்துக்கு விருந்தாளிகளைக் கூப்பிட்டாச்சாம், போட்டோ பார்த்தேன், சந்தோஷம் என்றார்.  போனை வைத்த தெய்வாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தரணீதரன் எவ்வளவோ விளக்கினான். இது விசேஷமில்லை, ஆல்பம். விருந்தினர் என்றால் பாட வருகிறவர், சாப்பிட வருகிறவர் இல்லை என்றான். நஞ்சப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாய்மாமனை விட்டுவிட்டு நீ விருந்தாளி என்று ஒருத்தரைச் சொன்னால் அது எந்தக் கருமமாக இருந்தாலும் தப்புத்தான் என்றார். அன்று சாயங்காலமே லிங்கசாமியையும் சிறப்பு விருந்தினராக அழைக்க மூன்று பேரும் தாம்பூலத் தட்டோடு சேவூருக்குப் போனார்கள்.

லிங்கசாமி மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், தட்டைப் பார்த்ததும் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். மனைவி குழந்தையம்மாள் போன வருசம் தவறிய பிறகு தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன மாதிரிப் பாட்டு என்று கேட்டார். நஞ்சப்பன் சோல் என்பதைத் தனக்குத் தெரிந்த அளவில் தமிழாக்கி, ஆத்மா பாட்டு என்றார். லிங்கசாமி முகம் மாறி, யார் தவறினது என்று கேட்டார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தட்டை வாங்கினார்.

பதிவன்று கம்பெனி வாசலில் பந்தல் போட்டிருந்தது. தரணீதரன் சொல்லவில்லை, நஞ்சப்பன் போட்டுவிட்டார். சேவூரிலிருந்து ஒரு வேன் வந்தது. தாய்மாமன் வீட்டார் வந்ததைக் கேள்விப்பட்டு நஞ்சப்பனின் பங்காளி பழனிமுத்து தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். தாய்மாமனுக்கு மைக் என்றால் பங்காளிகளுக்கு என்ன என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. கலீல் யோசித்து, பாட்டுக்கு நடுவில் கைதட்டு வேண்டும், அதை நீங்கள் எல்லோரும் செய்து கொடுங்கள் என்றான். பங்காளிகள் துணி ரோல்களின் மேல் வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள். இரண்டு பேர் கூட ஒன்றாகத் தட்டவில்லை. ஆனால் மனசாரத் தட்டினார்கள்.

லிங்கசாமி உள்ளே வந்து மைக்குக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்போனைக் கலீல் நீட்டியபோது வாங்கவில்லை. தலையில் வைப்பதைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை கையால்தான் வைக்க வேண்டும் என்றார். நஞ்சப்பன் கை கால் கழுவிவிட்டு வந்து, கிழக்கே பார்த்து நின்று, கல்யாணத்தில் உருமால் தலைப்பாகை கட்டுகிற மாதிரி அதை மச்சான் தலையில் வைத்தார். வெளியே யாரோ குலவை போட்டார்கள்.

இசை ஆரம்பித்தது. லிங்கசாமி பாடவில்லை. மறுபடி போட்டார்கள். அப்போதும் பாடவில்லை. தரணீதரன் உள்ளே போய் மெதுவாகக் கேட்டான்.

"நான் பாடோணும்னு யாரு மாப்ள சொன்னது? கூப்புட்டீங்க, வந்துட்டேன். அந்தப் புள்ளைங்க பாடட்டும், நான் இருக்கறேன்."

வெளியே உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. ஜனனி அவர் பக்கத்தில் நின்று தன் பாட்டைப் பாடிவிட்டு, கிளினிக்கில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். அடுத்து ஷைமா வந்தாள். அவள் பாட வேண்டியது தரணீதரன் எழுதிய காதல் பாட்டு. வரிக்கு வரி ஒரு கேள்வி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்சம் இடைவெளி.

"எங்கே இருக்கிறாய் நீ" என்று ஷைமா பாடினாள்.

"இங்கதானுங்க அம்முணி" என்றார் லிங்கசாமி.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த கலீல் தலையில் கை வைத்தான். ஷைமா நிறுத்தவில்லை. "என் குரல் கேட்கிறதா" என்றாள். நல்லாக் கேக்குதுங்க என்று பதில் வந்தது. "எப்போது வருவாய்" என்றாள். வந்துட்டனுங்களே என்றார். அவர் விளையாடவில்லை. ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் நின்று இவ்வளவு வருத்தமாகக் கேட்கும்போது பேசாமல் இருப்பது மரியாதை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஷைமாவுக்கு முதலில் சிரிப்பு முட்டியது. பிறகு அவள் அவர் பக்கம் திரும்பி நின்று, அவரையே பார்த்துப் பாட ஆரம்பித்தாள்.

கடைசி வரி வந்தது. "ஏன் சொல்லாமல் விட்டாய்."

லிங்கசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"சொல்லோணும்னுதான் இருந்தனுங்க" என்றார். "அதுக்குள்ள அவள ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போய்ட்டாங்க. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க."

அவர் ஹெட்போனைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கலீல் பதிவை நிறுத்தினான். பந்தலில் இலை போட்டாகிவிட்டது என்று தெய்வாத்தாள் வந்து கூப்பிட்டாள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவர் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

தரணீதரனுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அந்தப் பாட்டின் தாளத்துக்காக மாசக்கணக்கில் உழைத்திருந்தான். மாமாவின் குரல் ஷைமாவின் மைக்கிலும் கலந்திருந்ததால் தனியாக வெட்டி எடுக்க வழியில்லை. யாருக்கும் சொல்லாமல் ஷைமாவை மறுபடி கூப்பிட்டான். அவள் சுருதி தப்பாமல் பாடினாள். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தி, காலி நாற்காலியைப் பார்த்தாள். நாலாவது தடவையில் ஹெட்போனைக் கழற்றினாள்.

"நான் இங்க ரோலுகிட்டயா கேட்டுட்டு இருக்கறது? அவரு சொன்னதையே வைங்க. இல்லாட்டி என் பேரையும் எடுத்துருங்க" என்றாள்.

ஆல்பம் அப்படியே வெளியானது. பங்காளிகளின் கைதட்டு உட்பட எதையும் திருத்தவில்லை. முதலில் திருப்பூரில் கேட்டார்கள், அதுவும் சிரிப்பதற்காக. கம்பெனிகளில் சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டால் டெய்லர்கள் இங்கதானுங்க அம்முணி என்றார்கள். தமிழ் தெரியாத பீகார்ப் பையன்கள்கூட அதைச் சரியாகச் சொன்னார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். லண்டனிலிருந்து இசை விமர்சனம் எழுதும் ஒருவர், பதில் குரல் கொடுத்த அந்த மூத்த கலைஞர் இதுவரை எங்கே இருந்தார் என்று எழுதியிருந்தார். நஞ்சப்பன் அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி, சேவூரில்தான் இருந்தார் என்று பதில் போடச் சொன்னார்.

பெங்களூரில் ஒரு அரங்கத்திலிருந்து கச்சேரிக்கு அழைப்பு வந்தது. லிங்கசாமி வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் அவருக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. ஷைமா முதல் வரியைப் பாடியதும், எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்குக் கூட்டம் முழுக்க ஒரே குரலில் இங்கதானுங்க அம்முணி என்று கத்தியது. இரண்டாவது வரிக்கும் கத்தியது. தரணீதரன் பூரித்துப்போய்க் கீபோர்டை இன்னும் அழுத்தி வாசித்தான்.

லிங்கசாமி எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள என்னையக் கேக்குதுங்க. நீங்க எதுக்குங்க நடுவுல பதில் சொல்றீங்க?"

தமிழ் தெரிந்தவர்கள் அடங்கினார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து அடங்கினார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். வாத்தியங்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசி வரிக்கு முன்னால் ஷைமா நின்றாள். அந்த வரியைப் பாட அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்தில் போய்ச் சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க அம்முணி."

காலையில் திருப்பூரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஷைமா அரங்கத்துக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு தட்டில் தயிர்ச் சாதமும் ஊறுகாயும் வந்தது. மேடையில் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வந்த மேனேஜரைக் கலீல் தோளால் தடுத்துக்கொண்டே பேஸ் வாசித்தான். லிங்கசாமி உட்கார்ந்து, அவசரப்படாமல், பிசைந்து சாப்பிட்டார். ஷைமா பக்கத்தில் குந்தியிருந்து, சொற்கள் இல்லாமல் ராகத்தை மட்டும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவர் கை கழுவி வரும் வரைக்கும் பாட்டு ஓடியது.