சூப்பர்வைசரின் பாதம்

பிள்ளைப்பாக்கத்தில் அந்த மாடி அறையில் முதலில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேரும் தெற்கேயிருந்து வந்தவர்கள்; ஆறு பேரும் ஒரே தொழிற்சாலையில் செல்போன் சார்ஜருக்கான போர்டு செய்தவர்கள். ஏழாவதாக ஒரு பல்லி இருந்தது. டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவள் சுகப்பிரியா. மேலேயே நின்று எல்லோரையும் பார்க்கிறது, தானாக ஒரு வேலையும் செய்வதில்லை, யார் என்ன சொன்னாலும் ‘ச்சு ச்சு ச்சு’ என்கிறது, வேறு என்ன பெயர் வைப்பது என்று அவள் கேட்டாள். லைனில் இருந்த நிஜ சூப்பர்வைசரும் அப்படித்தான் ச்சுக் கொட்டுவார். அறைக்கு வந்ததும் யாராவது அண்ணாந்து, “சார், இன்னைக்கு டார்கெட் முடிச்சாச்சு” என்பார்கள். பல்லி சத்தம் கொடுத்தால் அன்று முழுக்கச் சிரிப்பு.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஐப்பசியில், சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி வாங்குவதை நிறுத்தியது. லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். கடைசியில் சுகப்பிரியாவும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த செல்வலட்சுமியும் மட்டும் மிச்சம். வேலை போனதை செல்வலட்சுமி இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மழை திடீரென்று உள்ளே அடித்தது. அந்த அறையின் ஜன்னல், தண்டவாளம் போன்ற அலுமினியத் தடத்தில் ஓடும் கண்ணாடி ஜன்னல். பாதி வழியில் எப்போதும் சிக்கும்; உள்ளங்கையால் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால்தான் மூடும். செல்வலட்சுமி அப்படியே தள்ளினாள். ஈர்க்குச்சி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. தடத்துக்குள் ஒரு வால் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

பல்லி வாலை விடுவது விபத்தல்ல, ஓர் ஏற்பாடு. வாலின் எலும்புகளிலேயே முறிவதற்கென்று பலவீனமான கோடுகள் உண்டு. பிடிபட்டால் தசையை இறுக்கி அந்தக் கோட்டில் முறித்துக்கொள்ளும். முறிந்த வால் சிறிது நேரம் துள்ளும். பூனையோ காகமோ அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பல்லி தப்பிவிடும். ஆனால் ஜன்னலுக்குக் கண் இல்லை. வால் துள்ளித் துள்ளி யாரையும் ஏமாற்றவில்லை. பின்னங்கால் ஒன்று நசுங்கி, விலாவில் தோல் கிழிந்து, சூப்பர்வைசர் தடத்தின் ஓரத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது. இன்னொரு நஷ்டமும் இருந்தது. பல்லி தன் கொழுப்பையெல்லாம் வாலில்தான் சேமித்து வைக்கும். வால் போனால், பசித்த காலத்துக்கென்று வைத்ததும் போய்விடும்.

செல்வலட்சுமி அதை ஒரு தாளில் ஏந்தி எடுத்து, சுகப்பிரியாவின் முறுக்கு டப்பாவில் வைத்தாள்.

“வால் திரும்ப வளந்துரும்ட்டி,” என்றாள் சுகப்பிரியா.

“கால் வளராதுல்லா.”

“மூணு கால் போதும். நம்ம ஷிப்ட் மேனேஜர் மூளையே இல்லாம பத்து வருசம் ஓட்டலையா?”

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. மூடியில் சூடான ஊக்கால் நாலைந்து துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போக இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்பும் நாளில் சுகப்பிரியா மட்டும்தான் செருப்பு மாட்டினாள்.

“ஏட்டி, நெசமாவே வரலியா?”

“நீ போ. இது சுவத்துல ஏறட்டும், மறுநாளே வாரேன்.”

“பல்லிக்காக லீவு போட்ட ஒரே ஆளு நீதான்.”

“லீவு போட வேலை எங்கட்டி இருக்கு?”

சுகப்பிரியா பையைக் கீழே வைத்தாள். “டப்பாவோட தூக்கிட்டு வாயேன். ஊர்ல எங்கயாவது விட்டுருவோம்.”

“அங்க இருக்க பல்லி இதைச் சும்மா விடுமா? வாலும் இல்ல, காலும் இல்ல. அதுவும் போக, வேலை போச்சும்மான்னு சொல்லப் போறவ, கையில பல்லியோடயா போய் நிக்க?”

சுகப்பிரியா பையை மறுபடி தோளில் மாட்டினாள். படப்பை போகும் ஷேர் ஆட்டோ கீழே ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

வீட்டுக்காரி அன்னபுஷ்பம் மாடிப்படியில் பாதி ஏறி நின்று பேசுகிறவள். “செல்வி, மாசக் கடைசில சாவிய குட்த்துடு. ஒரகடம் கம்பெனி பசங்க எட்டு பேரு வராங்கோ. அதுக்கு முன்னாடி வெள்ள அடிக்கணும்.”

“அக்கா, வெள்ளை அடிக்கவங்க இதைத் தொடப்பத்தால தள்ளிருவாங்க.”

“பின்ன இன்னா, பல்லிக்கு அட்வான்ஸ் வாங்கிகினு தனி ரூம் குடுப்பாங்களா?”

ஆக, செல்வலட்சுமிக்கு வேண்டியது ஒன்றுதான். சாவியைக் கொடுப்பதற்குள் பல்லி சுவரில் ஏறிவிட வேண்டும். மேலே போய்விட்டால் துடைப்பம் எட்டாது. டியூப்லைட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதன் பிறகு தான் போகலாம்.

அறை முழுக்க ஈரம். சுவரில் பச்சையாகப் பூஞ்சை, தலையணையில் முடைநாற்றம். இந்த ஈரத்தில் விலாவின் புண் அழுகிவிடும் என்று பயந்தாள். ஈரத்தை என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியும். லைனில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

போர்டில் பதிக்கும் சிப் பார்க்கக் கல் போல இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்துவிடும். போர்டை அடுப்புக்குள் அனுப்பி ஈயத்தை உருக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல், சிப்பைச் சோளம் பொரிவது போல வெடிக்க வைக்கும். அதனால் சிப்புகள் காற்றுப் புகாத உறையில் வரும். உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் ஒரு சிறிய அட்டையும் இருக்கும். அட்டையில் மூன்று புள்ளிகள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. புள்ளி நீலமாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம் என்று சொல்லித்தான் பழக்கினார்கள். தூக்கிப் போடுகிற பொட்டலங்களையும் அட்டைகளையும் பெண்கள் அறைக்கு எடுத்து வந்து சர்டிபிகேட் பைக்குள் போட்டுவைப்பார்கள்.

அந்தப் பொட்டலங்களை அவள் தோசைக்கல்லில் மிதமான சூட்டில் புரட்டினாள். உறிஞ்சிய ஈரமெல்லாம் வெளியேறி, பொட்டலங்கள் மறுபடி உறிஞ்சத் தயாராயின. முறுக்கு டப்பாவின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று வைத்தாள். நடுவில் துணி விரித்தாள். அட்டையை உட்பக்கம் சாய்த்து வைத்தாள். மறுநாள் மூன்று புள்ளிகளும் நீலமாக இருந்தன. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்தது போல இருந்தது.

புண் நன்றாகவே காய்ந்தது. சாப்பாட்டுக்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். பல்லி அசையாததைத் தின்னாது. அதன் கண்ணுக்கு அசைவதுதான் இரை. விளக்கடியில் விழுந்த ஈசலை லைனில் பயன்படுத்திய இடுக்கியால் பிடித்து, முகத்துக்கு முன்னால் நடுங்க விட்டாள். சிப் பதித்த கைக்கு அந்த நடுக்கத்தை அளந்து கொடுக்கத் தெரிந்தது. சூப்பர்வைசர் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சட்டென்று கவ்வியது.

“டார்கெட் முடிச்சாச்சு, சார்,” என்றாள். பதில் சத்தம் வரவில்லை.

தண்ணீரை பாட்டில் மூடியில் வைத்தாள். அது குடிக்கவில்லை. புள்ளி கொஞ்சம் மங்கினால் உடனே பொட்டலங்களை எடுத்து தோசைக்கல்லில் போட்டாள். அதிகாலையில் கம்பெனி பஸ்கள் தெருவைத் தாண்டிப் போகும்போது பழக்கத்தில் விழித்துக்கொள்வாள். போக இடம் இல்லாததால் அட்டையைப் பார்ப்பாள். நீலம். அம்மா உலகம்மாள் போன் செய்து, “ஓவர்டைம் இருக்கா?” என்று கேட்டால், “இருக்கும்மா, ரொம்ப வேலை,” என்பாள். பொய் சொல்லும்போது கண் டப்பாவின் மேல்தான் இருக்கும்.

பிறகு பல்லியின் மேல்தோல் வெளிறியது. தோல் உரிக்கப் போகிறது, உள்ளே புதுத்தோல் வந்துவிட்டது என்று செல்வலட்சுமி சந்தோஷப்பட்டாள். பல்லி தன் பழைய தோலை வாயால் சட்டை போலக் கழற்றித் தின்றுவிடும் என்பதை இதே அறையில் பார்த்திருக்கிறாள். ஆனால் இது கழற்றவில்லை. தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. விரல்களில் அது நூல் சுற்றியது போல வளையமாகக் கிடந்தது. கட்டுப் போட்டது போல இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். டப்பாவின் பக்கச் சுவரில் அது ஒருமுறை ஏற முயன்று வழுக்கி விழுந்தபோது, உடம்பில் வலு இல்லை, ஈசல் போதவில்லை என்று நினைத்தாள்.

மாசக் கடைசி நெருங்கியது. சுண்ணாம்பு வாளியோடு அன்னபுஷ்பம் படியேறி வந்தாள். இந்த முறை அறைக்குள்ளேயே வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, அப்பளம் மாதிரி காய்ஞ்சு கீது?”

“புண்ணு ஆறணும்லா அக்கா. ஈரம் பட்டா அழுகிரும்.”

“ஐய, எங்க வூட்ல அதுங்க பாத்ரூம்லயும் சிங்க்குக்கு அடிலயும்தான் கெடக்கும். மண்பானைக்குப் பின்னாடி கைய வுட்டா ஒண்ணு ஓடும். காய்ஞ்ச எடத்துல நீ எங்க பல்லியப் பாத்தே?”

கேலியாகச் சொல்லிவிட்டு வாளியை வைத்துவிட்டுப் போனாள். செல்வலட்சுமி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதே அறையில் சூப்பர்வைசர் தண்ணீர் குடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். மழை நாளில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் துளிகளை அது நக்கும். தேங்கிய தண்ணீரை ஒருநாளும் அது தேடியதில்லை. ஈரமான காற்றுதான் அதன் தோலை இளக்கி உரிய வைக்கும். காற்று காய்ந்தால் பழைய தோல் இறுகி, விரலைச் சுற்றிக் கயிறாகி, ரத்தத்தை நிறுத்திவிடும். விரல்களை இப்போதுதான் கூர்ந்து பார்த்தாள். மூன்று பாதங்களில் இரண்டு கறுத்திருந்தன. அட்டையில் மூன்று புள்ளிகளும் பளிச்சென்று நீலமாக இருந்தன.

பொட்டலங்களை எடுத்து வெளியே எறிந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து உள்ளே விரித்தாள். விரலை நனைத்து டப்பாவின் சுவரில் துளித் துளியாகத் தெளித்தாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிறிய நாக்கு வெளியே வந்து ஒரு துளியைத் தொட்டது. இன்னொரு துளியைத் தொட்டது. இமை இல்லாத தன் கண்ணை ஒருமுறை நக்கிக்கொண்டது. இளகிய தோலை இடுக்கியின் நுனியால் விரல் விரலாக எடுத்தாள். லைனில் எத்தனையோ ஆயிரம் சிப் பதித்த கை. ஒரு விரலையும் கிழிக்கவில்லை. கறுத்த விரல்கள் கறுத்தே இருந்தன. ஒரே ஒரு முன்பாதம் மட்டும் முழுசாக வெளியே வந்தது, பிறந்த குழந்தையுடையது போல.

அந்தப் பாதத்தின் வேலை அதிசயமானது. அதில் பசை இல்லை, உறிஞ்சும் கிண்ணமும் இல்லை. விரலுக்கடியில் வரிவரியாக மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். நம் நகம் எதனாலானதோ அதே வகைப் பொருளாலான மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியும் துடைப்பம் போல மேலும் பிரியும். இரண்டு பொருள்கள் மிக மிக நெருங்கினால் தமக்குள் சிறிதாக இழுத்துக்கொள்ளும். அந்தச் சிறிய இழுப்புகள் கோடிக்கணக்கில் கூடித்தான் பல்லியைச் சுவரில் நிறுத்துகின்றன. பாதத்தை வைத்து லேசாகக் கீழ்நோக்கி இழுத்தால் பிடிக்கும். விரலை நுனியிலிருந்து சுருட்டினால் விட்டுவிடும். பாதம் மட்டும் நன்றாக இருந்தால் போதும்.

சாவி கொடுக்கும் நாள் காலை அட்டையின் மூன்று புள்ளிகளும் இளஞ்சிவப்பாகியிருந்தன. துணி ஈரமாக இருந்தது. சூப்பர்வைசர் அதன் மேல் குப்புறக் கிடந்தது. ஊதிப் பார்த்தாள். முதுகில் இடுக்கியால் தொட்டுப் பார்த்தாள். விலாவில் மூச்சு ஓடவில்லை. புண் இருந்த இடத்தில் தழும்புகூட அழகாக மூடியிருந்தது.

அவள் அழவில்லை. துண்டின் நுனியால் அதன் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். உள்ளங்கையில் அதற்கு எடையே இல்லை. பெட்டி கட்டி வாசலில் இருந்தது. மூலையில் சுண்ணாம்பு வாளியும் துடைப்பமும் இருந்தன. ஜன்னலுக்குப் போனாள். நல்ல முன்பாதத்தின் விரல்களைக் கண்ணாடியில் விரித்து வைத்து, மெல்ல அழுத்தி, எத்தனையோ முறை அது செய்து அவள் பார்த்தது போலவே லேசாகக் கீழே இழுத்தாள். கையை எடுத்தாள்.

அது விழவில்லை. பற்றுவதற்கு உயிர் தேவைப்படவில்லை. ஒற்றைப் பாதத்தில் சூப்பர்வைசர் கண்ணாடியில் நின்றது.

படியில் அன்னபுஷ்பத்தின் குரல் கேட்டது. “செல்வி, கெளம்பிட்டியா? ஆளுங்க வந்துட்டாங்கோ.” பாதிப் படியில் நின்றபடியே ஜன்னலைப் பார்த்துவிட்டாள். “அட, ஏறிடிச்சே உன் சூப்பர்வைசரு. நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, தண்ணி காட்டுன்னு?”

“ஆமாக்கா,” என்றாள் செல்வலட்சுமி.

“இனிமே நிம்மதியா ஊருக்குப் போ.”

செல்வலட்சுமி சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே தெருவில் நின்று திரும்பிப் பார்க்கையில், அன்னபுஷ்பம் ஜன்னல் அருகே போய், பல்லி பயந்து ஓடட்டும் என்று கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.