கிளட்சில் வைத்த கால்

“சாவியக் குடுங்க மதினி” என்று கருப்பசாமி மறுபடியும் குனிந்து கேட்டான். ஜோதியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை.

சாவி அந்த முடிச்சில்தான் இருந்தது. காலையில் அவள் புருஷன் அழகர்சாமி குளித்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே செத்துப்போனார். ஜோதியம்மாள் முதலில் செய்தது ஆணியில் தொங்கிய ஃபியட் சாவியை எடுத்து முடிந்துகொண்டதுதான். அழுகை அதற்கப்புறம் வந்தது.

செத்தவரின் தம்பி கருப்பசாமிக்கு அவசரம் இருந்தது. அக்கா இருளாயி சேலத்திலிருந்து கிளம்பி கிருஷ்ணகிரி வரை வந்துவிட்டாள். காவிரித் தண்ணீர்த் தகராறில் அதற்கு மேல் பஸ் விடவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்து, தான் வராமல் தம்பியை எடுத்தால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். வாசலில் கார் நிற்கிறது. சாவி அண்ணியின் முந்தானையில்.

அந்தக் காரை அவளும் ஒரு காலத்தில் ஓட்டியவள்தான். ஓசூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டாள். கிளட்சை முழுதாக மிதித்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும், கியர் விழுந்திருந்தாலும் வண்டி பாயாது, மார்கழிக் குளிரில் இன்ஜினும் லேசாகச் சுற்றும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அழகர்சாமிக்கு அது பொறுக்கவில்லை. அவர் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க அடுத்தவன் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்தார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிக் கிடக்கும், அந்த நேரத்தில் கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு, அதை ஆடாமல் பிடித்திருக்கும் வாஷரைக் காய்ந்த நிலையில் அரைக்கும் என்பது அவர் வாதம். நியூட்ரலில் போட்டுவிட்டு, காலை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடி என்பார்.

வாதத்தில் தப்பில்லை. தப்பு அவர் காலில் இருந்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் அவருடைய இடது கால் கிளட்சின் மேல் போய் உட்கார்ந்துவிடும். இங்கிருந்து சூளகிரி வரை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாலும் எழுந்திருக்காது. ஒருமுறை ஜோதியம்மாள் கேட்டதற்கு, “காலுக்கு ரெஸ்ட் வேணாமா?” என்றார்.

பிறகு இன்ஜின் சத்தம் போட்டது. மெக்கானிக் லால் பாஷா வந்து பானெட்டைத் திறந்தான். அழகர்சாமி மனைவியை அழைத்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிடாமலே கிளட்சை மிதிக்கச் சொன்னார். அவள் மிதிக்க மிதிக்க, இன்ஜினின் முன்னால் கிராங்க் முனையில் இருக்கும் புல்லி வெளியே வந்து வந்து போயிற்று. வாஷர் தேய்ந்து கிராங்க் ஆடுகிறது, கிளட்சை மிதித்துச் செல்ஃப் அடித்த கால்தான் காரணம் என்றார். தெருவே பார்த்தது. கருப்பசாமி கைதட்டினான். ஓட்டும்போது காலை மேலேயே வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்று லால் பாஷா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்ஜினைப் பிரித்து, புது வாஷர் போட்டுச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை; தொட விடவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் இலை போட்டதும் அழகர்சாமி ஆரம்பிப்பார். “எங்க வீட்டுல கிராங்கக் காலாலேயே தின்னுட்டா.” சாம்பார் வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிடும். பாயசத்துக்கு மறுபடி தொடங்கும்.

போன மாதம் வண்டி வாசலில் ஓடிக்கொண்டு நின்றபோது அவளுக்கு அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. டக், டக். அவர் கிளட்சை மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது. அவர் ரேடியோவைக் கூட்டிவைத்தார். தை மாதம் இருளாயி மகள் கல்யாணம். அங்கே, மண்டபத்து வாசலில், சாப்பிட்ட கையோடு எல்லாரும் நிற்கும்போது பானெட்டைத் திறக்கச் சொல்வதென்று வைத்திருந்தாள். என்ன சேலை கட்டுவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

அவர் மார்கழியிலேயே செத்துப்போனார். அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

“சாவி தர்றேன்” என்றாள் ஜோதியம்மாள். “மொதல்ல நான் வண்டிக்கிட்ட வரணும்.”

எழுந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ஃபகருன்னிசா அவள் கையைப் பிடித்தாள்.

“எங்க போறேக்கா?”

“கிளட்ச் மிதிக்க.”

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் ஒருமனதாக முடிவுசெய்து வழிவிட்டார்கள். ஜோதியம்மாளுக்கு அது வசதியாக இருந்தது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கருப்பசாமியைப் பானெட்டைத் திறந்து, குனிந்து புல்லியைப் பார்க்கச் சொன்னாள். அக்கா காத்திருக்கிறாள் என்றான். காத்திருக்கட்டும் என்றாள். அவள் கிளட்சை மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். பந்தல் போட வந்தவர்களும் மூங்கிலைச் சாய்த்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“ஆடுதா?”

பானெட்டுக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி இன்னும் கீழே குனிந்தான்.

“கொழுந்தனாரே, ஆடுதான்னு கேட்டேன்.”

“ஆடுது மதினி.”

“எம்புட்டு?”

“தீக்குச்சி கனம் இருக்கும்.”

“இன்ஜின் கட்டுனதுக்கு அப்புறம் யாரு ஓட்டுனது?”

“அண்ணன்தான்.”

“நான்?”

“நீங்க தொடவே இல்லையே.”

“அத உள்ள வந்து சொல்லுங்க.”

“யாருகிட்ட?”

“உங்கண்ணங்கிட்ட.”

கருப்பசாமி அவள் முகத்தைப் பார்த்தான். முந்தானை முடிச்சைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அண்ணன் தலைமாட்டில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கிராங்கைத் தின்றது மதினி கால் இல்லை, உங்க கால்தான் என்று சொன்னான். கடைசியில் குரல் உடைந்தது. என்ன சொன்னான் என்று பிடிபடாத பெண்கள், தம்பி கலங்கிவிட்டானே என்று பெரிதாக ஒப்பாரி எடுத்தார்கள்.

அழகர்சாமி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் முறை.

அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். கருப்பசாமி போய் வண்டியில் உட்கார்ந்தான். வெகுநேரம் செல்ஃப் சத்தம் கேட்கவில்லை. காலை எங்கே வைப்பதென்று யோசித்திருப்பான். ஒருவழியாக வண்டி கிளம்பி, டக் டக்கென்று தெருமுனை திரும்பியது.

ஜோதியம்மாள் திரும்ப வந்தாள். தலைமாட்டில் தன் இடத்தில் ஃபகருன்னிசா உட்கார்ந்திருந்ததால் கால்மாட்டில் உட்கார்ந்தாள். காலையில் அவசரத்தில் யாரோ இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிய துணி தளர்ந்திருந்தது. இடது பாதம் மட்டும் கொஞ்சம் விலகி, முன்னால் சாய்ந்து நின்றது.

அதை இழுத்து வலது பாதத்தோடு சேர்த்தாள். துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினாள். பிறகு வெகுநேரம் அந்தப் பாதத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.