அய்யனார் காட்டுக்குக் குடிவந்த பாசி

குளத்தூர் சாலையை அகலப்படுத்தப் பழைய புளியமரங்களை வெட்டினார்கள். ஊர் நிழலுக்காக வருத்தப்பட்டது. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அருணா பட்டையில் இருந்த பாசிக்காக அழுதாள். தேமல் மாதிரி சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் மரப்பாசி. அந்த வகையை அவள் வேறெங்கு தேடியும் பார்க்கவில்லை. மரம் போனால் அதுவும் பூண்டோடு போச்சு. சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மரம் விழுமுன்பே பாசியைப் பட்டையோடு பெயர்த்து, பக்கத்து அய்யனார் கோயில்காட்டுப் புளியமரங்களில் பதித்தாள். செருப்பு கூடாது, இரும்பு படக்கூடாது என்று சொல்லித்தான் பூசாரி சந்தனம் உள்ளே விட்டார். செருப்பையும் கத்தியையும் வெளியே வைத்துவிட்டுப் போன மகராசி, பட்டைத் துண்டுகளை மரத்தில் ஸ்டேப்ளர் பின்களைக் கொண்டு குத்திவைத்தாள். பின்களும் இரும்புதான் என்பது அந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவேயில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. மரத்தில் துரு வழிந்ததைப் பூசாரி பார்த்துவிட்டார். அருணாவை வரச்சொல்லி ஆள் போனது. அவள் வந்தபோது மண்குதிரைகளுக்கு முன்னால் ஊரே நின்றது. பூசாரிதான் பேசினார்.

"சாமி மரத்துல இரும்பக் குத்திட்டீங்களே டீச்சரம்மா! எல்லாத்தையும் பிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க."

தப்புத்தான். அவமானத்தில் அவளுக்குக் காது சிவந்தது. பின்களை நகத்தாலேயே நெம்பிப் பிடுங்கினாள். விரலில் ரத்தம் கசிந்தது. பட்டைத் துண்டுகள் விழவில்லை. பாசி ஓரம் தாண்டி, புது மரத்தின் பட்டையிலும் படர்ந்து பிடித்திருந்தது. அவளுக்கு அழுகையும் வீம்பும் ஒன்றாக வந்தன.

"பின்னெல்லாம் எடுத்துட்டேன்யா. பாசிய எடுக்க மாட்டேன்."

"எடுக்கச் சொல்றது ஊரு!"

"இங்கேருந்து காஞ்ச சுள்ளியக்கூட வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு சொன்னதும் இந்த ஊருதானே? இது இந்த மரத்துல ஒட்டி வளந்துருச்சு, வந்து பாருங்க. இனி இது அய்யனாரு சொத்து. பிச்சுத்தான் ஆகணும்னா நீங்க பிய்யுங்க."

சந்தனம் மரத்தருகே போனார். பாசிவரைக்கும் கையைக் கொண்டுபோனவர், தொடாமல் இழுத்துக்கொண்டார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் முன்னால் வரவில்லை.

"சரி, அது இருந்துட்டுப் போகட்டும். ஆனா நீங்க இனிமே இங்கிட்டு வரக்கூடாது."

துருப்பிடித்த பின்களை அருணா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இந்தக் காட்டுக்குக் கதவு கெடையாதுய்யா. நாளைக்குக் காலைல வாரேன்."