மதிய நடை

அக்காவுக்கு ஆஸ்துமா. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். காலையில் வண்டிப்புகை என்று மாமா அவளை வெளியே விடமாட்டார். சாலை ஓய்ந்து வானம் பளிச்சென்று இருக்கும் மதியத்தில்தான் கூட்டிப்போவார். "பொண்டாட்டியை வெயில்ல காயப் போடுறீங்களா?" என்று தெரு சிரிக்கும்.

எனக்குக் காற்றை அளக்கும் வேலை, வேறு ஊரில். இந்த நடையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலைப் புகைதான் மதிய வெயிலில் வெந்து ஓசோன் என்ற நச்சு வாயுவாகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலை அரிக்கும்.

அவளைப் புதைத்துவிட்டு வந்ததும், மாமா அவள் செருப்பைத் துடைத்தபடி கேட்டார்.

"மதியம் காத்து சுத்தமாத்தானே இருக்கும், மச்சான்?"

"சுத்தமாத்தான் இருக்கும், மாமா."

செருப்பை வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்.