பத்துதான் படித்தாள்

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. முப்பது வருடம் லாரி ஓட்டியதில், கையெழுத்து கேட்கிற எவனையும் நம்பக்கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டேன். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற வகுப்பில் சேரப்போகிறேன் என்று மகள் சொன்னதும், நானும் சட்டையை மாட்டினேன்.

"நீங்க எதுக்குப்பா? நான் என்ன எல்கேஜியா சேரப்போறேன்?"

"எல்கேஜின்னா கேட்ல விட்டுட்டு வந்திருவேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்கிற மூன்று பெண்கள் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பயிற்சி நிலையம் ஒரு நீச்சல் குளத்துக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் உடுப்புகள் தண்ணீர் சொட்டத் தொங்கின. மாஸ்டர் எதற்கெடுத்தாலும் சிரித்தார். இப்படிச் சிரிக்கிறவனிடம் நான் பழைய டயர்கூட வாங்கமாட்டேன்.

"சிலிண்டர்ல காத்து தீர்ந்துட்டா?" என்றேன்.

"மீட்டர் இருக்கு ஐயா. அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும். கூட வர்றவர்கிட்டயும் இன்னொரு குழாய் இருக்கும்."

"காது வலிச்சா?"

"மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும். அப்பவும் வலிச்சா கொஞ்சம் மேல வரணும். வீறாப்பு காட்டக்கூடாது."

"பயந்து ஒரேயடியா மேல ஓடிவந்தா?"

அவர் சிரிப்பு நின்றது. "அதுதான் ஆபத்து. மேல வரவர உள்ள இருக்கிற காத்து விரியும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். மூச்சு மட்டும் நிக்கவே கூடாது."

வெயிலில் வெடித்த டயர்கள் எத்தனையோ பார்த்தவன் நான். விளங்கிவிட்டது. சிரிக்காமல் சொன்னாரே, அதனால் ஆள்மேல் கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

பிறகு உடம்பைப் பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தார். மகள் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி மேலிருந்து கீழே 'இல்லை'யில் டிக் போட்டுக்கொண்டே போனாள்.

"படிச்சுக் காட்டு."

இதய நோய், வலிப்பு, சர்க்கரை, காது ஆபரேஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். எனக்கு எழுத்து ஓடாது, எண்ண வரும். மேஜைக்கடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

"ஒண்ணைக் காணோமே?"

"என்னத்தை?"

"கட்டம் பதினொண்ணு. நீ படிச்சது பத்து."

மாஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "வீசிங் இருக்கா மேடம்?"

"சின்ன வயசுல. எப்பவோ."

"கைப்பையைத் திற" என்றேன். மூச்சு இழுத்தால் வாயில் அடித்துக்கொள்கிற அந்த நீலக் குழாயை அவள் ஒருநாளும் வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.

அவள் என்னைப் பார்த்த பார்வையை ஜென்மப் பகையாளிகூடப் பார்த்திருக்கமாட்டான்.

"மூச்சுக்குழாய் சுருங்கிட்டா காத்து உள்ளேயே மாட்டிக்கும் மேடம்" என்றார் மாஸ்டர். "டாக்டர் எழுதிக் கொடுக்காம தண்ணில இறக்கமாட்டேன்."

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனோம். மிஷின் குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று மாடி ஏறி இறங்கி மறுபடி ஊதச் சொன்னார்கள். நான் நடையில் இப்படியும் அப்படியும் நடந்தேன். உட்காருங்கள் என்று நர்ஸ் இரண்டு தரம் அதட்டினாள். இரண்டாவது ஊதலில் மிஷின் காட்டிய கணக்குச் சரிந்துவிட்டது. இப்போதைக்குக் கூடாது, மூன்று மாதம் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்போதும் உறுதி சொல்லமுடியாதாம்.

வாசலுக்கு வந்ததும் திரும்பினாள். "இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

"இல்ல."

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நானும் போயிருப்பேன்."

"போயிருப்பே. வந்திருப்பியா?"

அவள் விறுவிறுவென்று போய் பஸ் ஏறினாள். முன்னால் போய் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டாள். இடம் காலியாகக் கிடந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு சீட்டாக முன்னால் நகர்ந்தேன்.

"எங்கயாவது உக்காந்து தொலைங்கப்பா" என்றாள், திரும்பாமலே.

அவளுக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தேன். இன்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் அவள் நெஞ்சு இழுப்பது கேட்டது. மாடி ஏறி இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"அதை எடுத்து அடிச்சுக்கோ" என்றேன்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் தாண்டிய பிறகுதான் பையைத் திறந்தாள்.