வாசலில் நிப்பாட்டின கார்

மெக்கானிக் கிருபன் என் காரின் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றும்போது கனடாவிலிருந்து நிரஞ்சன் அண்ணை அழைத்தார். வேலை தொடங்கமுதல் காரைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டது என் கொழுப்புத்தான்.

"ரூபி, பொயின்ற்றில கை வைக்காதை. அப்பான்ர கார் ஒறிஜினலா இருக்கவேணும். கொட்டிலுக்க மூடி விடு, நான் வந்து பாப்பன்."

பார்ப்பாராம்! பதினேழு வருசமாக வந்து பார்க்கிறார். அந்தப் பதினேழு வருசமும் இந்த மொறிஸ் மைனரை அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓட்டிச் சீவித்தவள் நான். பொயின்ற் என்பது திறந்து மூடி என்ஜினுக்கு நெருப்புப் பொறி அனுப்புகிற இரண்டு சின்னத் தகடுகள். மழைக்கும் கோபிக்கும், வெயிலுக்கும் கோபிக்கும். சாண்ட்பேப்பரால் தேய்த்தால் இரண்டு நாள் சமாதானம். அதனால் ஹயருக்குப் போனால் எந்த வாசலிலும் நான் என்ஜினை நிப்பாட்டுவதில்லை. நிப்பாட்டினால் திரும்ப எழும்பாது. போன செவ்வாய் அது தானாகவே நடு வீதியில் நின்றது. பின்சீற்றில் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற சிவலட்சுமி அக்கா. அவவின் மகன் சுஜிதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான், இன்னொருமுறை இப்படியென்றால் வான் பிடிப்பானாம். அவன் போனால் மற்ற ஆட்களும் போவார்கள். பிறகு கார் அண்ணை சொன்ன கொட்டிலுக்குத்தான், நானும் பக்கத்தில் குந்தியிருக்கலாம்.

"அண்ணை, சண்டைக்காலத்துப் பெற்றோல் தடை நேரம் அப்பா இதை மண்ணெண்ணெயில ஓடினவர். சேலைன் போத்திலால பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணினவர். அது ஒறிஜினலோ?"

அண்ணை வாய் திறக்கமுதல் நானே தொடர்ந்தேன்.

"அப்ப பொயின்ற்றுக்குப் பதிலா இந்த எலக்ரோனிக் சாமான் கிடைச்சிருந்தால் முதல் ஆளா அப்பாதான் பூட்டியிருப்பார். வையுங்கோ!"

கிருபன் சிரித்துக்கொண்டே புதுச் சாமானின் கறுப்பு வயரைக் காரின் உடம்பில் முடுக்கப் போனான்.

"டேய், நில்லடா!"

இப்போதைய கார்களுக்குப் பற்றறியின் மைனஸ் முனைதான் உடம்பில், இந்தக் கிழட்டுக் காருக்குப் பிளஸ் முனை. அப்படியே ஸ்ராட் பண்ணியிருந்தால் சாமான் புகைந்திருக்கும்.

"ஐயோ அக்கா, மறந்தே போனன். இது தலைகீழ்க் கார்."

"அப்ப பற்றறியைத் திருப்பு."

திருப்பினோம். கொயில் வயர்களையும் மாற்றினோம், டைனமோவும் பக்கம் மாற அதற்கு ஒருக்காக் கரண்ட் தொட்டுவிட்டோம். ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன். ஒரே இழுவை! "அடி சக்கை!" என்றான் கிருபன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தூறல். சுஜிதன் கைபேசியும் கையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றான், வான்காரனின் நம்பர் திரையில் தெரிந்தது. நான் திறப்பைத் திருப்பி என்ஜினை நிப்பாட்டினேன்.

"என்னக்கா, நிப்பாட்டிப்போட்டீங்கள்?"

"அம்மாவை ஆறுதலா ஏத்து."

சிவலட்சுமி அக்கா ஏறி, சேலையை ஒதுக்கி, கதவைச் சாத்தும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு இழுத்தேன். பிடித்துக்கொண்டது. சுஜிதன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"வடிவாப் பாத்தியோ? காணாதெண்டால் இன்னொருக்காப் பார்."

மறுபடியும் நிப்பாட்டினேன். பின்சீற்றில் சிவலட்சுமி அக்கா சிரிக்கத் தொடங்கினா. தூறல் சூடான பொனற்றில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. கையைக் குமிழில் வைத்தபடி சுஜிதனைப் பார்த்தேன்.